பின்வாசல் வழியாக வந்தவர்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக லக்கலைக்குச் செல்லும் மலைப்பாதையில் ஒருமுறை பயணம் செய்தவர் அதை எளிதில் மறக்கமாட்டார். ரிவர்ஸ்டன் உச்சியை அடையும்வரை மூடுபனியும் தூறலும் பஸ்ஸின் கண்ணாடியை மறைத்துக்கொண்டு வரும். உச்சியைக் கடந்து மறுபுறம் இறங்கத் தொடங்கியதும் காற்றின் குணமே மாறிவிடும். ஈரம் குறையும், மலைச்சரிவுகளில் புல்வெளி பொன்னிறமாக விரியும். இலுக்கும்புரவைத் தாண்டி இன்னும் கீழே இறங்கினால் பல்லேகம.

ஆனால் இன்று பல்லேகம என்றால் எந்தப் பல்லேகம என்று கேட்கவேண்டியிருக்கிறது. பழைய கடைத்தெருவும் அதைச் சுற்றியிருந்த வயல்களும் 2018ஆம் ஆண்டு களுகங்கை நீர்த்தேக்கத்தின் அடியில் மறைந்துவிட்டன. மேட்டு நிலத்தில் புதிய நகரம் ஒன்று எழுந்திருக்கிறது. அலுவலகங்களும் கடைகளும் அங்கே குடியேறிவிட்டன. சிங்களத்தில் ‘பல்லே’ என்றால் கீழ், ‘கம’ என்றால் கிராமம். கீழ்க்கிராமம் தன் பெயருக்கேற்ப நீரின் கீழே போயிற்று என்று உடன் வந்த பயணி ஒருவர் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அங்கே சென்றது நீர்த்தேக்கத்தைக் காண்பதற்கன்று. என் தாயாரைக் குணப்படுத்திய ஒருவரைக் காண்பதற்கு. அவர் வைத்தியர் அல்லர், உளவியல் படித்தவருமல்லர். எழுபது வயதைக் கடந்துவிட்ட, ஓய்வுபெற்ற மருத்துவிச்சி. ‘மிஸ்ஸி’ என்றுதான் எங்கள் வீட்டில் அவரை அழைப்போம். அவர் பெயரை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஆகையால் மிஸ்ஸி என்றே எழுதுகிறேன்.

முதலில் என் தாயாரைப்பற்றிச் சொல்லவேண்டும். மாத்தளை நகரின் ஓரத்தில் எங்கள் வீடு. தந்தையாருக்குச் சிறிய பலசரக்குக் கடை. வீட்டுக்குப் பின்னால் அயலவரின் கொக்கோத் தோட்டம். 1983ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் எங்கள் நகரில் நடந்ததை இன்றைய மாணவர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள். முத்துமாரியம்மன் கோவிலின் தேர்களே எரிந்தன என்றால் ஒரு பலசரக்குக் கடையைப்பற்றி என்ன சொல்ல இருக்கிறது? அப்போது எனக்கு இருபத்தொரு வயது. ஆசிரியப் பயிற்சிக்காக வேற்றூரில் இருந்தேன். தந்தையார் கடையில், மூத்த அக்காள் மணமாகிக் கணவன் வீட்டில். வீட்டிலிருந்தவர்கள் அம்மாவும் மூன்று வயதுக் கடைக்குட்டித் தங்கையும்தான். கும்பல் வருவதை அறிந்து அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கொக்கோத் தோட்டத்துக்குள் ஓடினார். மறுநாட் காலையில் இருவரும் உயிரோடு திரும்பினர். வீடும் முன்னறை தவிர மற்றவை தப்பின. ‘நமக்குப் பெரிய சேதமில்லை’ என்று தந்தையார் கடிதம் எழுதினார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவர் நம்பினார், நானும் நம்பினேன்.

சேதம் எங்கே நேர்ந்தது என்பது பிறகுதான் தெரியலாயிற்று. வீதியில் ஒரு வாகனம் நின்றால் போதும், அம்மா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு டிரங்குப் பெட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பின்வாசலில் போய் நிற்பார். வாகனம் புறப்பட்டுச் சென்றபின் ஒன்றும் நடவாததுபோல் அடுப்படிக்குத் திரும்புவார். முன்வாசற் படியில் அவர் கால் படவேயில்லை. இரவில் உறக்கமில்லை. நெஞ்செரிவு என்று சொல்வார், பெருமூச்சு விடுவார். வைத்தியர்கள் வயிற்றுக்கு மருந்து கொடுத்தார்கள். அம்மா அதையும் ஒழுங்காகக் குடித்துவந்தார். அன்றிரவு தோட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், ‘என்ன நடந்தது, ஒளிந்திருந்தோம், விடிந்தது, வந்தோம்’ என்பார். இன்னொன்றும் இருந்தது. கடைக்குட்டியை அதன்பின் அவர் தூக்கவேயில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று நாங்களே அதற்குக் காரணம் கற்பித்துக்கொண்டோம்.

மேனாட்டு மருத்துவநூலார் இந்த நிலைக்கு இன்று வழங்கும் பெயர் 1980ஆம் ஆண்டில்தான் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஏறியது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் துன்பமே அதற்கு வழிகாட்டிற்று. நோய் அதற்கு முந்தியது. முதல் உலகப் போரில், காயம் ஒன்றுமில்லாமலே ஊமையானவர்களும் நடுக்கங் கொண்டவர்களும் பல்லாயிரவராகத் திரும்பியபோது, எறிகுண்டு அதிர்ச்சி என்றார்கள். கோழைத்தனம் என்றவர்களும் உண்டு. மின்சாரம் பாய்ச்சிப் பேசவைக்க முயன்ற வைத்தியர்களும் உண்டு. அந்தக் கூட்டத்தில் வேறுவிதமான ஒருவர் இருந்தார்: டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். தமிழ் வாசகருக்கு இவர் அந்நியர் அல்லர். 1901-02இல் நீலகிரியில் தங்கித் தோடர்களின் வாழ்வை ஆராய்ந்து 1906இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டவர் இவரே. வேற்று மக்களின் சொல்லைப் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு அங்கே உறுதிப்பட்டிருக்கவேண்டும் என்பது என் எண்ணம். எடின்பரோ நகருக்கருகே கிரெய்க்லாக்ஹார்ட் வைத்தியசாலையில் அதே காதுகளைத்தான் அவர் போர்வீரர்களுக்குக் கொடுத்தார். கவிஞர் சசூன் 1917இல் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றார்.

அக்காலத்து வைத்தியர்களும் உறவினர்களும் நோயாளிக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே: ‘மறந்துவிடு, வேறெதையாவது நினை.’ அந்தப் புத்திமதியே பலருடைய நோயை வளர்க்கிறது என்று ரிவர்ஸ் 1917ஆம் ஆண்டு டிசம்பரில் படித்த கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அதில் அவர் கூறும் ஒரு வரலாறு என் மனத்தைவிட்டு அகல்வதில்லை. ஓர் அதிகாரி தம் நண்பரைத் தேடிப் போர்க்களத்திற் சென்று, குண்டினாற் சிதறிக்கிடந்த உடலைக் கண்டார். அன்றுமுதல் ஒவ்வோர் இரவும் அந்தக் காட்சியே கனவில் வந்தது. பகலெல்லாம் அதை மறக்கமுயல்வதிலேயே அவர் தம் வலிமையைச் செலவிட்டார். ரிவர்ஸ் அவரிடம் மறக்கச் சொல்லவில்லை. அவ்வளவு சிதைந்துபோன உடல், நண்பர் ஒரு கணமும் துடிக்காமல் உயிர்நீத்தார் என்பதற்குச் சான்றல்லவா என்று கேட்டார். நோயாளியின் முகம் மலர்ந்தது. பின்னர் கனவு வந்தது. ஆனால் அச்சம் வரவில்லை. கனவில் அவர் நண்பரின் அருகே மண்டியிட்டு, உறவினருக்குக் கொடுப்பதற்காக அவருடைய பொருள்களைச் சேகரித்துக்கொண்டிருந்தாராம்.

நடந்தது மாறவில்லை. அதைப் பார்க்கும் இடம் மாறிற்று. இதைச் செய்வதற்கு ரிவர்ஸ் போன்ற பேரறிஞர் வேண்டும் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

1986ஆம் ஆண்டு அக்காள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் பகுதிக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த மிஸ்ஸி, பிறந்த குழந்தையைப் பார்ப்பதற்காக வீடு வரத்தொடங்கினார். நம் நாட்டின் மருத்துவிச்சிகள் பதிவேட்டைச் சுமந்துகொண்டு வீடுவீடாக நடப்பதை யாவரும் அறிவர். தாய்மாரையும் சிசுக்களையும் காத்ததில் இலங்கை பெற்ற நற்பெயருக்குப் பெரும்பங்கு அவர்களுடைய கால்களுக்கு உரியது. மிஸ்ஸி முதல்நாள் முன்வாசலில் நின்று அழைத்தார். சிங்களக் குரல். அம்மா சாவியுடன் பின்வாசலுக்குப் போய்விட்டார். அக்காள்தான் கதவைத் திறந்தாள். மிஸ்ஸி உள்ளே வந்து, வீட்டின் நீளத்தினூடே பின்வாசலில் நின்றவரைக் கண்டார். ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை நிறுத்துப் பதிவெழுதிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அவர் முன்வாசலுக்கு வரவில்லை. கொக்கோத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு, தூரத்திலிருந்தே தெரியும்படி, குடையை விரித்துப் பிடித்தபடி பின்வாசல் வழியாக வந்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அதன்பின் எங்கள் வீட்டுக்கு அவர் வந்ததெல்லாம் பின்வாசல் வழியாகத்தான்.

இந்த ஒரு செயலை இன்றைய பயிற்சிநூல்கள் பல பக்கங்களில் விளக்குகின்றன. ஜூடித் ஹேர்மன் என்ற அமெரிக்க உளமருத்துவர் 1992இல் எழுதிய நூலில், குணமாகும் வழியை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். முதற்கட்டம் அச்சமின்மை, அதன்பின்பே நினைவுகூர்ந்து துக்கித்தல், இறுதியில் மற்றவர்களோடு மீண்டும் உறவுகொள்ளுதல். முதலாவதைக் கடக்காமல் இரண்டாவதற்குத் தாவுபவன் புண்ணைக் கிளறுகிறான். ‘சொல், சொல்’ என்று நெருக்குவது சிகிச்சையாகாது. பெருந்துன்பம் நேர்ந்த உடனே ஒரேயொரு முறை மக்களை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் முறை ஒருகாலத்தில் மிகவும் பரவியிருந்தது. அதனால் நன்மை இல்லை, சிலருக்குத் தீங்கும் நேரக்கூடும் என்று 2002ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சித் தொகுப்பு காட்டிற்று. ஆயினும் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபின், மொழியறியாத உளவளத்துணையாளர் பலர் சிலவார விடுப்பில் விமானமேறி வந்தார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் பின்வாசல் ஒன்று இருப்பதை அறிய, ஒரு வீட்டுக்கு இரண்டாவது முறையும் வரவேண்டும்.

நம்மிடையே அப்படித் திரும்பத்திரும்ப வந்தவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் நடுவே இருந்து பணியாற்றினார். 1993இல் தமிழில் வெளிவந்த அவருடைய நூலுக்கு ‘மனவடு’ என்று பெயர். பொருத்தமான பெயர். புண் ஆறும், வடு நிற்கும். வடு இருப்பதனால் கை வேலை செய்யாமற் போவதில்லை. பின்னர் ஆங்கிலத்தில் 1998இல் ஒரு நூலும் 2014இல் ஒரு நூலும் எழுதினார். முதலாவது மனங்களின் வடுவைப் பேசியது. இரண்டாவது சமூகங்களின் வடுவை. இந்த மாற்றத்தில்தான் அவருடைய முக்கியமான கருத்து இருக்கிறது. போர் தனிமனிதனை மட்டும் காயப்படுத்துவதில்லை. அயலவரை நம்பும் பழக்கம், கோவில், சந்தை, சடங்கு, கூட்டாக அழும் உரிமை ஆகிய யாவும் காயப்படுகின்றன. ஆகவே ஒருவரை அறைக்குள் உட்காரவைத்துக் குணப்படுத்தி, அவரை அதே சிதைந்த ஊருக்குத் திருப்பியனுப்பினால் போதாது. ஆசிரியர்களையும் கிராமத்துப் பணியாளர்களையும் இந்தத் தொழிலுக்குப் பழக்கவேண்டுமென்று அவரும் அவருடைய சகாக்களும் முயன்றார்கள். யாழ்ப்பாணத்துச் ‘சாந்திகம்’ போன்ற நிறுவனங்கள் உளவளத்துணையாளரைப் பயிற்றி வந்துள்ளன.

பட்டம் பெறாதவர் இதைச் செய்யலாமா என்று என் ஆசிரிய நண்பர்கள் கேட்பதுண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கு அகதிமுகாமொன்றில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடைதருகிறது. 2009இல் அது வெளியாயிற்று. போரும் அலையும் தாக்கிய முப்பத்தொரு பிள்ளைகள். உள்ளூரிலேயே பயிற்றப்பட்ட உளவளத்துணையாளர் ஒவ்வொரு பிள்ளையோடும் ஆறுமுறை அமர்ந்தார்கள். ஒரு பகுதியினர் தம் வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து ஒழுங்காகச் சொன்னார்கள். மறு பகுதியினர் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்தின் பின் முதலாவது பகுதியில் நூற்றுக்கு 81 பேரும் இரண்டாவதில் 71 பேரும் நோய்நிலையிலிருந்து நீங்கியிருந்தார்கள். எண்ணிக்கை சிறிது; அதைக்கொண்டு பெரிதாகப் பறைசாற்றலாகாது. இரு முறைகளுக்கும் பெரிய வேறுபாடில்லை என்பதுதான் எனக்குச் சுவையாகப் பட்டது. இரண்டிலும் பொதுவாக இருந்தது, பிள்ளையின் மொழியைப் பேசும் ஒருவர் சொன்ன நாளில் தவறாமல் வந்து அருகே அமர்ந்தமையே.

மட்டக்களப்பில் 1996ஆம் ஆண்டு தோன்றிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது. கனடிய ஓவியர் போல் ஹோகனும் இயேசுசபைத் துறவியார் போல் சற்குணநாயகமும் சேர்ந்து அமைத்தது அது. தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் போரினால் அடிபட்ட பிள்ளைகளை ஒன்றாக அழைத்துவந்தார்கள். களிமண், வண்ணம், பாட்டு, கதை, தோட்டம் இவையே மருந்து. உன் தந்தை எப்படி இறந்தார் என்று எவரும் கேட்கவில்லை. பிள்ளை களிமண்ணிற் பிசைந்து ஒரு பிராணியைச் செய்து, அதற்கு ஒரு கதை கட்டினால், கேட்பதற்கு ஆள் இருந்தது. எதிரியின் பிள்ளை என்று பழக்கப்பட்டவன் பக்கத்தில் உட்கார்ந்து அதே களிமண்ணைப் பிசைந்துகொண்டிருந்தான்.

மிஸ்ஸியின் புதிய வீடு சிறியது. முற்றத்தில் இளந்தென்னை இரண்டு. ‘பழைய வீட்டுத் தென்னைகள் தண்ணீருக்குள் நின்றுகொண்டே செத்தன’ என்றார். வெறுந்தேநீரும் கித்துள் கருப்பட்டியும் வைத்தார். அவர் சிங்களமும் தமிழும் கலந்து பேசியதை நான் என் தமிழில் தருகிறேன்.

அவருக்கு உளவியல் தெரியாது என்றேன். அது முற்றிலும் சரியன்று. மசக்கையைப்பற்றிப் பேச்சு வந்தது. சிங்களத்தில் அதைத் ‘தொல துக்’ என்பார்கள். ஆசையும் துக்கமும் சேர்ந்த சொல். ‘துக்கம் இல்லாத இடத்தில் அந்த ஆசை அவ்வளவு வராது. புருஷனிடம் நேரே சொல்லமுடியாததைப் பெண், மாங்காய் வேண்டும் என்று சொல்வாள். நாங்கள் மாங்காயையும் கொடுக்கவேண்டும், அந்த மற்றதையும் கேட்கவேண்டும்’ என்றார் மிஸ்ஸி. நான் வியந்துபோனேன். ஏனெனில் கணநாத் ஒபயசேகர என்ற மானிடவியற் பேரறிஞர், 1950களின் பிற்பகுதியில் இதே லக்கலைப் பகுதியின் சிற்றூரொன்றில் தங்கி ஆராய்ந்து, 1963இல் எழுதிய கட்டுரையின் பொருள் இதுதான். அவர் 2025ஆம் ஆண்டு காலமானார். மனிதர்கள் தம் தனித்துயரை ஊரார் அறிந்த உருவங்களாக மாற்றிக்கொள்ளும் செயலை அவர் பண்பாட்டின் உழைப்பு என்றார். 1990இல் அப்பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். அதற்கு முன் 1984இல் வந்த அவருடைய பெருநூல் பத்தினி தெய்வத்தைப்பற்றியது. பத்தினி வேறு யார்? நம் கண்ணகியே. சிங்கள ஊர்களில் அவளுக்கெடுக்கும் கம்மடுவ விழாவில் ‘மரா இபதீம’ என்றொரு கூத்து உண்டு. மதுரையில் வெட்டுண்ட கணவனின் உடல்மீது விழுந்து பத்தினி புலம்புவாள். பிறகு அவனை உயிர்ப்பிப்பாள். ஊரே சூழ்ந்து நின்று அந்தப் புலம்பலைக் கேட்கும். மட்டக்களப்பிலோ வைகாசித் திங்களில் கண்ணகி கோவிற் கதவு திறந்து, வழக்குரை படித்து, இறுதியில் குளிர்த்தி பாடுவார்கள். எரிந்த நகரின் வெம்மையோடு வந்த அம்மனுக்கு நீர் வார்த்துக் குளிரச் செய்கிறார்கள். நீதி கேட்டவளின் கோபம் தவறென்று அங்கே எவரும் சொல்வதில்லை. கோபம் நியாயமானது; ஆயினும் அவள் குளிரவேண்டும்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ‘அம்மா உங்களிடம் என்ன சொன்னார்?’ என்று கேட்டேன். இந்தக் கேள்விக்காகவே வந்தேன். மிஸ்ஸி உடனே விடை கூறவில்லை. அம்மா 2009இல் மறைந்தார். அதுவரையிலும் அதன்பின்னும் அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. ‘மகன் ஒருநாள் தானாக வந்து கேட்டால் சொல், நீயாகச் சொல்லாதே என்று உன் அம்மா சொல்லியிருந்தார்’ என்றார். பிறகு சொன்னார்.

கொக்கோ மரங்களுக்குக் கீழே சருகுக்குள் படுத்திருந்தபோது கும்பல் தோட்டத்து வேலியருகே நின்றதாம். தங்கை அழத்தொடங்கினாள். அம்மா அவள் வாயைக் கையால் பொத்தினார். இறுகப் பொத்தினார். அவர்கள் போகும்வரை எடுக்கவில்லை. எடுத்தபோது பிள்ளை அசையவில்லை, அழவில்லை. கொன்றுவிட்டேன் என்றே அம்மா நினைத்தார். எவ்வளவு நேரம் அப்படியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. பிறகு தங்கை இருமினாள். விடிந்தது, வந்தார்கள். அன்றுமுதல் தம் வலக்கையை அம்மா நம்பவில்லை. கடைக்குட்டியைத் தூக்கவில்லை, அக்காளின் குழந்தையையும் தொடவில்லை.

‘இதைச் சொல்ல அவருக்கு ஒன்பது மாதம் எடுத்தது. பத்தாவது மாதம் பிரசவம் போல’ என்று மிஸ்ஸி இலேசாகச் சிரித்தார்.

‘நீங்கள் என்ன சொன்னீர்கள்?’

‘நான் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் அழுதேன். பிறகு உன் தங்கை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். வாயாடிப் பிள்ளை. கத்திக்கொண்டே வந்தாள். அம்மாவிடம் சொன்னேன்: இந்தச் சத்தத்தை மிச்சம்வைத்த கை அதுதான் அம்மா.’

அதன்பின் நிறுத்துமுடித்த குழந்தையை அவர் எப்போதும்போல் அக்காளிடம் கொடுக்காமல், ‘கொஞ்சம் பிடியுங்கள், எழுதவேண்டும்’ என்று அம்மாவிடம் நீட்டினாராம். எழுதுவதற்கு அன்று ஒன்றுமில்லை. பதிவேட்டில் வெறுமனே கோடு கிழித்துக்கொண்டிருந்தாராம்.

ரிவர்ஸின் அதிகாரியை நினைத்தேன். மிஸ்ஸி அவரைப்பற்றிக் கேள்விப்பட்டதில்லை. நான் சொல்லவும் இல்லை.

அம்மா முழுக்கக் குணமானார் என்று எழுதினால் அது பொய். இறுதிவரை வாகனச் சத்தத்துக்கு அவர் தோள் சற்று நிமிரும். ஆனால் சாவி டிரங்கின் மேலேயே கிடக்கும். 1989இல் மிஸ்ஸியின் இருபத்திரண்டு வயதுத் தம்பியைக் கொண்டுபோனார்கள். தெற்கிலும் மத்திய மலைநாட்டிலும் கிளர்ச்சியும் அதை அடக்கிய கொடுமையுமாக எத்தனையோ சிங்கள இளைஞர் மறைந்த காலம் அது. யார் கொண்டுபோனார்கள், எங்கே, ஒன்றும் தெரியாது. செய்தி கேட்ட மாலையில் அம்மா சேலையை உடுத்திக்கொண்டு, ஆறு ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக முன்வாசற் படியிறங்கி, மிஸ்ஸி தங்கியிருந்த அறைக்குத் தனியே நடந்துபோனார். இரவெல்லாம் இருவரும் என்ன பேசினர் என்று கேட்டேன். ‘ஒன்றும் பேசவில்லை. உன் அம்மா என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்’ என்றார்.

உடல் கிடைத்தவருக்கு ஒரு துக்கம். கிடைக்காதவருக்கு வேறு துக்கம். அமெரிக்க அறிஞர் போலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். திவசம் செய்தால் கொன்றவர்களாவோம், செய்யாவிட்டால் கைவிட்டவர்களாவோம். வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலும் இந்த நாட்டில் எத்தனையோ வீடுகளில் ஒருவருடைய உடுப்பு இன்னும் மடித்துவைக்கப்பட்டிருக்கிறது. இங்கே சிகிச்சையாளரின் கடமை, ‘இனி வரமாட்டான், ஏற்றுக்கொள்’ என்று தீர்ப்புச் சொல்வதன்று. காத்திருப்பவரோடு காத்திருந்து, காத்திருப்புக்கு நடுவே அவர் சமைக்கவும் சிரிக்கவும் உதவுவதே. அந்த உதவியை மிஸ்ஸிக்கு என் தாயார் இருபது ஆண்டு செய்தார் என்று அன்றுதான் அறிந்தேன்.

பழைய பல்லேகமயை விட்டு வெளியேறச் சொன்னபோது, வயலைப்பற்றியும் இழப்பீட்டைப்பற்றியும் எல்லோரும் பேசினார்கள். மிஸ்ஸிக்கு வேறு கவலை. தம்பி திரும்பிவந்தால் எங்கே வருவான்? அவனுக்குத் தெரிந்த ஒழுங்கை தண்ணீருக்குள் இருக்கிறது. உயிரோடிருந்தால் அவனுக்கு இப்போது ஐம்பது வயது கடந்திருக்கும். ஆகவே புதிய வீட்டின் விலாசத்தை ஓர் அட்டையில் எழுதி, மாத்தளையிலிருந்து வரும் பஸ்ஸின் நடத்துநரிடம் கொடுத்துவைத்திருக்கிறார். பழைய பல்லேகமக்கு டிக்கட் கேட்கும் வயதான ஆள் யாராவது ஏறினால் அதைக் காட்டவேண்டும் என்பது ஏற்பாடு. நடத்துநர்கள் மாறும்போது அட்டையும் கைமாறுகிறதாம்.

நான் புறப்பட எழுந்தபோது மிஸ்ஸி உள்ளே சென்று, வெள்ளை அட்டையொன்றும் பேனாவும் எடுத்துவந்தார். விலாசத்தைத் தமிழிலும் எழுதித் தரவேண்டும் என்றார்.

‘தமிழில் எதற்கு மிஸ்ஸி?’

‘இத்தனை வருஷம் எங்கே இருந்தானோ, யார் வீட்டில் இருந்தானோ. சிங்கள எழுத்து மறந்துபோயிருந்தால்?’

மேசையருகே அமர்ந்து எழுதினேன். முதல் அட்டையில் எழுத்துக் கோணலாகிவிட்டது. இரண்டாவதில் நன்றாக, பெரிதாக எழுதிக் கொடுத்தேன். மாலை பஸ்ஸில் நடத்துநரிடம் அதை நானே கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, சிங்கள அட்டையோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.